எத்தனை மணி நேரம், எவ்வளவு சரித்திரம்: கிழக்காசியத் தொடர்களில் எதை எடுப்பது?

கொரியத் தொடரா, சீனத் தொடரா என்று நாட்டைப் பார்த்து முடிவெடுத்தால் பாதியில் நிறுத்த வேண்டிவரும். ஒரே நாட்டுத் தொடர்கள் இரண்டுக்கு நடுவே சில சமயம் நாடுகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிய இடைவெளி உண்டு. உட்காரும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? தொடர் எந்த அளவுக்குச் சரித்திரத்துக்குக் கட்டுப்பட்டது?

முதலில் நேரம். சீன எபிசோடு சுமார் 45 நிமிடம். தொடக்கப் பாட்டு, முடிவுப் பாட்டு, முன்கதைச் சுருக்கம் போக 40 நிமிடம்தான் கதை. கொரியத் தொலைக்காட்சி எபிசோடு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, 75 நிமிடம்கூட ஓடும். இதைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கொரியாவின் 'கிங்டம்' இரண்டு சீசனும் சேர்த்து 12 எபிசோடு, ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். 'ட்ரீ வித் டீப் ரூட்ஸ்' 24 எபிசோடு, ஏறக்குறைய 25 மணி நேரம். சீனாவின் 'நிர்வாணா இன் ஃபயர்' 54 எபிசோடு, 40 மணி நேரம். 'ருயீஸ் ராயல் லவ் இன் த பேலஸ்' 87 எபிசோடு, 65 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் இரண்டு மாதம் தாண்டும்.

இந்த நீளங்களுக்குக் காரணம் உண்டு. கொரியத் தொலைக்காட்சியில் படப்பிடிப்பும் ஒளிபரப்பும் நெடுங்காலம் கூடவே நடந்தன. தொடர் நன்றாக ஓடினால் நீட்டுவார்கள். 60 எபிசோடாகத் திட்டமிட்ட 'ஜூமோங்' 2006-07இல் 81 எபிசோடு வரை போனது இப்படித்தான். பழைய கொரியத் தொடர்களில் நடுவில் கதை ஒரே இடத்தில் சுற்றுவதுபோல் தோன்றினால், அந்த நீட்டிப்புதான் காரணமாக இருக்கும். சீனத் தொடர்களை முழுவதும் எடுத்து, தணிக்கைக்கு அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகே வெளியிடுகிறார்கள். 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புத் துறை, ஒரு தொடர் 40 எபிசோடைத் தாண்டக் கூடாது, 30க்குள் முடித்தால் நல்லது என்று அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த சீனத் தொடர்கள் பல சரியாக 36, 38, 40 என்று நிற்பதைக் காணலாம். நீளத்துக்குப் பயந்து சீனத் தொடர் பக்கம் போகாதவர்கள் 2021க்குப் பிந்தையவற்றில் தொடங்கலாம்.

இனி சரித்திரம். இதில் மூன்று வகை. உண்மையான அரசர், உண்மையான ஆண்டு என்று எடுத்துக்கொண்டு இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்புவது முதல் வகை. சரித்திரத்தின் உடை, சடங்கு, ஆட்சிமுறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கற்பனை நாட்டில் கதையை வைப்பது இரண்டாவது. தேவலோகம், அசுரலோகம், மந்திரம், மறுபிறவி என்று முழுக்க மாயத்தில் நடப்பது மூன்றாவது. முதல் வகையில் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இரண்டாவதில் யாரும் எப்போதும் சாகலாம். மூன்றாவதில் செத்தவரும் திரும்பி வருவார். உங்களுக்கு எந்தப் பதற்றம் பிடிக்கும் என்பதைப் பொறுத்தது தேர்வு.

ஒரே அந்தப்புரம், இரண்டு தொடர்கள்

முதல் வகைக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. 2018இல் ஒரே கோடையில், சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் வம்சத்துப் பேரரசர் சியான்லோங்கின் அந்தப்புரத்தைப் பற்றி இரண்டு பெரிய தொடர்கள் வந்தன. ஜூலையில் 70 எபிசோடு கொண்ட 'ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்', ஆகஸ்டில் 'ருயீ'. அரசர் ஒருவரே, அரசிகளும் அதே பெண்கள். ஆனால் ஒன்றில் நாயகி மற்றதில் வில்லி.

பதிவேடுகளில் இருப்பது இவ்வளவுதான். சியான்லோங்கின் முதல் பேரரசி ஃபுச்சா 1748இல் கிழக்குப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். 1750இல் நாரா குலத்துப் பெண் பேரரசி ஆனார். 1765இல் தெற்குப் பயணத்தில் அவர் தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். சிங் அரச குலத்தாரின் மஞ்சு இன வழக்கப்படி பெரிய துக்கத்தில் மட்டும் செய்யக்கூடியது அது. அவரை உடனே பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இறந்தபோது பேரரசிக்கு உரிய மரியாதை இல்லாமல், வேறொரு துணைவியின் கல்லறைக்குள் இடம் கொடுத்தார்கள். நாரா வீழ்ந்த அதே 1765இல் வெய் குலத்துப் பெண்ணொருவர் அந்தப்புரத்தின் உச்சிக்கு உயர்ந்தார். அவர் மகன்தான் அடுத்த பேரரசர் ஜியாசிங்.

நாராவின் பக்கம் நின்று சொல்வது 'ருயீ'. வெய் பக்கம் நின்று சொல்வது 'யான்ஷி'. கூந்தலை வெட்டிய காரணத்தைப் பதிவேடுகள் விளக்காததால், இரண்டு கதாசிரியர்களுக்கும் அந்த இடைவெளியே களமாகிவிட்டது.

'யான்ஷி'யின் நாயகி வெய் யிங்லுவோ, அக்காவைக் கொன்றவரைத் தேடி அரண்மனையின் தையல் பிரிவுக்குப் பணிப்பெண்ணாக வருகிறாள். அடித்தால் திருப்பி அடிக்கிறாள். சில எபிசோடுகளுக்கு ஒருமுறை ஒரு எதிரி கிளம்பி, சூழ்ச்சி செய்து, வீழ்கிறாள். இந்த வேகம்தான் தொடரின் பலம். களைத்துப்போன இரவுகளில் ஒரு எபிசோடு பார்த்தாலும் ஏதோ ஒரு கணக்கு தீர்ந்திருக்கும். இதைத் தாண்டிய அருமை அதன் கைவேலை. சிங் அரண்மனைப் பெண்கள் ஒரு காதில் மூன்று தோடு அணிந்த வழக்கத்தை அப்படியே காட்டுகிறார்கள். பேரரசி ஃபுச்சா முத்தும் ரத்தினமும் தவிர்த்துப் பட்டுநூல் பூக்களைச் சூடினார் என்று சரித்திரக் குறிப்பு இருக்கிறது. தொடரில் அவர் தலையில் அந்தப் பூக்கள் இருக்கின்றன. சின் லான் நடித்த அந்தப் பேரரசி இருக்கும்வரை, அதாவது முதல் 40 எபிசோடு வாக்கில், தொடர் உச்சத்தில் இருக்கிறது. அவர் போன பிறகு சூழ்ச்சிகள் ஒன்றைப்போல ஒன்று தெரிய ஆரம்பிக்கின்றன. கடைசி 15 எபிசோடுகளை ஒரே மூச்சில் பார்க்காமல் இடைவெளி விட்டால் அலுப்புத் தெரியாது.

'ருயீ' வேறு உலகம். சோ ஷுன் நடித்த ருயீயும் இளவரசராக இருந்த சியான்லோங்கும் சிறுவயதிலிருந்து பழகியவர்கள், மனதார விரும்பியவர்கள். அவர் அரசரான பிறகு அந்த அன்பு ஆண்டுக்கணக்கில் எப்படிக் கரைகிறது என்பதே கதை. வெல்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை. முதல் பத்து எபிசோடுகளில் நாயகி பழி மேல் பழி சுமந்துகொண்டு அமைதியாக இருப்பதால் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கூந்தல் வெட்டும் காட்சி வரும்போது அத்தனை எபிசோடுகளின் பொறுமையும் ஒரே கணத்தில் அர்த்தம் பெறுகிறது. ஆண்டுக்கணக்கில் நைந்துபோகும் ஒரு திருமணத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தொலைக்காட்சித் தொடர்கள் மிகக் குறைவு.

எதை எடுப்பது? இரண்டையும் பார்க்கிற எண்ணம் இருந்தால் 'யான்ஷி' முதலில், 'ருயீ' பிறகு. மாற்றிப் பார்த்தால் 'யான்ஷி'யின் வெற்றிகள் மனதில் ஒட்டாது. ஒன்றுதான் முடியும் என்றால், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் மெதுவான நாவல் வாசித்துப் பழகியவர்களுக்கும் 'ருயீ'. மற்றவர்களுக்கு 'யான்ஷி'. உடனே அடுத்ததைத் தொடங்காமல் ஒரு மாதம் விடுங்கள். இல்லையென்றால் முகங்கள் குழம்பும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், பெண்களைப் பெயர் சொல்லாமல் பட்டம் சொல்லி அழைப்பது. பட்டம் உயர உயர அழைப்பும் மாறும். இந்த ஏணியைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். அடியில் தாயிங், சாங்ஸாய், குய்ரென் ஆகிய மூன்று நிலைகள். இவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அதற்கு மேல் பின் ஆறு பேர், ஃபெய் நான்கு பேர், குய்ஃபெய் இருவர், ஹுவாங்குய்ஃபெய் ஒருவர். உச்சியில் பேரரசி. முன்னால் வரும் சொல் அரசர் தந்த விருதுப்பெயர். அது மாறாது, பின்னால் வரும் நிலை மட்டும் மாறும். லிங் பின், லிங் ஃபெய், லிங் குய்ஃபெய் மூவரும் ஒரே பெண்தான். யாருக்கு ஏன் கோபம் என்று புரியாத காட்சிகளில், எத்தனை இடம் காலி என்று எண்ணிப் பாருங்கள். ஃபெய் நான்கும் நிரம்பியிருந்தால், கீழே இருப்பவர் உயர மேலே ஒருவர் வீழ வேண்டும். சூழ்ச்சியின் இயந்திரம் இதுதான்.

2019 ஜனவரியில் பெய்ஜிங் நாளிதழைச் சேர்ந்த ஓர் இதழ், அந்தப்புரத் தொடர்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் பரப்புவதாகக் கண்டித்தது. மறு ஒளிபரப்புகள் நின்றன. இந்த அளவில் அந்தப்புரத் தொடர்கள் பிறகு அரிதாகிவிட்டன. எனவே இந்த வகையில் சிறந்தவை பழையவையே. 2011இன் 76 எபிசோடு 'எம்ப்ரஸஸ் இன் த பேலஸ்' இன்றும் உச்சம். வசனத்தில் ஒவ்வொரு வரிக்கும் அடியில் இன்னொரு பொருள் ஓடும். அதனாலேயே முதல் தொடராக அதை எடுக்க வேண்டாம். சப்டைட்டிலில் அந்த அடியோட்டம் பாதிதான் வரும்.

அரசியல்தான் வேண்டும் என்றால்

அந்தப்புரம் அலுத்தவர்களுக்கு இரண்டு பெயர்கள்: 'ட்ரீ வித் டீப் ரூட்ஸ்', 'நிர்வாணா இன் ஃபயர்'. முதலாவது கொரியா, 2011. இரண்டாவது சீனா, 2015.

முதலாவது அரசர் செஜோங் கொரிய எழுத்தை உருவாக்கிய காலத்தில் நடக்கிறது. 28 எழுத்துகள் 1443இல் உருவாகி 1446இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. 1444இல் சோ மான்-ரி என்ற அறிஞர் தலைமையில் எதிர்ப்பு மனு போனது சரித்திரம். அரண்மனையில் தொடர் கொலைகள், ரகசியச் சங்கம் ஆகியவை கற்பனை. எழுத்து எல்லோருக்கும் கிடைத்தால் யாருடைய அதிகாரம் போகும் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக வைத்த தொடர் வேறில்லை. ஹான் சுக்-கியூ நடித்த செஜோங், கெட்ட வார்த்தை பேசுகிற, பயப்படுகிற, தூங்காத அரசர். துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம்.

'நிர்வாணா இன் ஃபயர்' கற்பனை லியாங் நாட்டில் நடக்கிறது. 6ஆம் நூற்றாண்டுத் தென் லியாங் அரசை மாதிரியாகக் கொண்டது. பொய்ப் பழியால் 70,000 பேர் கொண்ட படை அழிக்கப்படுகிறது. அதில் தப்பிய ஒருவர், 12 ஆண்டு கழித்து வேறு முகம், வேறு பெயரோடு தலைநகருக்கு வந்து, யாரும் மதிக்காத ஓர் இளவரசரை அரியணைக்கு அருகே கொண்டுபோகிறார். வாளைவிட வார்த்தை அதிகம். ஹூ கே நடிப்பில் அந்த நாயகனுக்கு வாள் தூக்கத் தெம்பே இல்லை. இதில் தவறிவிழும் இடம் முதல் ஆறு எபிசோடுகள். பெயர்கள் கொட்டுகின்றன, நாயகனுக்கே மூன்று பெயர்: லின் ஷூ, மெய் சாங்சூ, சூ செ. பட்டத்து இளவரசர், இளவரசர் யூ, இளவரசர் ஜிங் ஆகிய மூவரை மட்டும் பிடித்துக்கொண்டு, யார் யாருடைய ஆள் என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் ஏழாவதிலிருந்து நிறுத்த முடியாது.

நேரம் குறைவு என்றால் கொரியத் தொடர். ஒரே ஒரு நீண்ட தொடருக்குத்தான் இடம் என்றால் சீனத் தொடர். கட்டுக்கோப்பில் அதற்கு இணை கொரியா, சீனா, ஜப்பான் மூன்றிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

கொரியாவில் சரித்திரத்தைக் கையாள்வதற்குக் கடும் காவல் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கொரியாவை ஆண்ட ஜோசோன் வம்ச அரசின் நடப்பைப் பதிந்த ஆவணத் தொகுதி 472 ஆண்டுகளை 1,893 தொகுப்புகளில் சொல்கிறது. தன்னைப் பற்றி எழுதியதை அரசரே படிக்க முடியாத வழக்கில் உருவானது அது. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் சில வரிகளில் மட்டும் வரும் ஒரு பெண் மருத்துவரை வைத்துத்தான் 2003இல் 54 எபிசோடு 'ஜுவல் இன் த பேலஸ்' உருவானது. இலங்கையில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் ஓடி வீடுவீடாகப் போனது இதே தொடர். எதிர்ப்பக்கம், 2021இல் 'ஜோசோன் எக்ஸார்சிஸ்ட்' சரித்திரத்தைத் திரித்ததாகவும் சீன உணவையும் பொருள்களையும் ஜோசோன் காட்சியில் வைத்ததாகவும் எழுந்த எதிர்ப்பில், இரண்டே எபிசோடில் ரத்தானது.

ஒரே கதை, இரண்டு மொழி

நவீன காலப் பெண் பழங்காலத்தில் போய் விழும் கதைக்கு சீனாவின் 'பு பு ஜிங் ஷின்' 2011இல் வந்தது, 35 எபிசோடு. அதைக் கொரியாவில் 2016இல் 'மூன் லவ்வர்ஸ்' என்று 20 எபிசோடில் எடுத்தார்கள். சீனத் தொடர் பேரரசர் காங்ஷியின் மகன்களுக்கிடையே நடந்த வாரிசுப் போட்டியில் நடக்கிறது. நான்காவது இளவரசர்தான் யொங்செங் பேரரசர் ஆகப்போகிறார் என்று நாயகிக்குத் தெரியும், சீனப் பார்வையாளர்களுக்கும் தெரியும். அவள் யாரிடம் நெருங்கினாலும் பயம் கூடவே வருகிறது. கொரியத் தொடரில் அது 10ஆம் நூற்றாண்டின் கொர்யோ அரசு, வாங் சோ என்ற இளவரசர். அங்கே நாயகிக்குச் சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது, பயம் பாதியாகிறது. ஆனால் லீ ஜூன்-கி நடிப்பு அந்தக் குறையை நிறைய இடங்களில் ஈடுகட்டுகிறது. முடிவு தொங்கலில் நின்றுபோனது, இரண்டாம் சீசன் வரவில்லை. நிறைவான முடிவு வேண்டுமென்றால் சீனத் தொடர். அழுவதற்குத் தயார் என்றால் கொரியத் தொடர்.

மாய உலகத்தில்

வானுலகக் கதைகளைச் சீனர்கள் ஷியான்ஷியா என்கிறார்கள். இதன் விதிகள் நமக்கு எளிது. தவத்தால் படிப்படியாக உயர்வது, வானுலகத்தவர் மானிடராகப் பிறந்து சோதனை கழிப்பது, நினைவிழப்பது, பிறவிதோறும் தொடரும் காதல். புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை.

பெரும் வெற்றி 2017இன் 'எடர்னல் லவ்', 58 எபிசோடு. யாங் மி நடித்த நாயகி ஒரே ஆளாக மூன்று வாழ்க்கை வாழ்கிறாள். ஆனால் அவளும் நாயகனும் காதலிக்கவே பத்து எபிசோடு வாக்கில் ஆகிறது. கணினி வரைகலை இன்றைய கண்ணுக்குப் பழசு. 2022இன் 'லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்' 36 எபிசோடில் அதே சுவையைத் தருகிறது. உடல் மாறும் சிக்கலோடு முதல் எபிசோடுகளிலேயே கதை சூடுபிடிக்கும், உடையும் வண்ணமும் கண்ணை நிறைக்கும். வானுலகக் கதைக்குப் புதியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

காதலைவிட நட்பும் குலப்பகையும் வேண்டுமென்றால் 2019இன் 'த அன்டேம்ட்', 50 எபிசோடு. மூல நாவலில் இரண்டு ஆண்களின் காதல், தணிக்கையால் திரையில் ஆழ்ந்த நட்பாகிறது. நடிகர்களின் பார்வை மிச்சத்தைச் சொல்லிவிடும். இதன் சிக்கல் அமைப்பில் இருக்கிறது. கதை 16 ஆண்டு கழித்துத் தொடங்கி, மூன்றாவது எபிசோடிலிருந்து 33 வரை நினைவுக்குப் போகிறது. முதல் இரண்டு எபிசோடுகளில் எதுவும் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. 33ஐ முடித்ததும் அந்த இரண்டையும் மறுபடி பார்த்துவிட்டு மேலே போனால் தொடர் முழுதாகத் திறக்கும்.

கொரியப் பதில் 'அல்கெமி ஆஃப் சோல்ஸ்'. தேஹோ என்ற கற்பனை நாடு, முதல் பகுதி 20 எபிசோடு, இரண்டாவது 10. நகைச்சுவையும் வேகமும் சீனத் தொடர்களைவிட அதிகம். இரண்டாம் பகுதியில் நாயகியாக வேறு நடிகை வருவதில் பலருக்கு மனம் ஒட்டாமல் போகிறது. ஆனால் அந்த முகம் முதல் எபிசோடிலேயே வந்துவிட்டது, கதையின் அச்சே உயிர் உடல் மாறுவதுதான். இதை மனதில் வைத்துத் தொடங்கினால் அந்த மாற்றம் உறுத்தாது.

ஜப்பான்

ஜப்பானின் டைகா தொடர்கள் முற்றிலும் வேறு பழக்கம். ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 1963 முதல் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றாக இவற்றைத் தருகிறது; இப்போது ஞாயிறு இரவு 8 மணிக்கு, 45 நிமிடம் ஒளிபரப்புகிறது. ஒரே வாழ்க்கை, ஓராண்டு. 1987இன் 'டோகுகான்ர்யு மசாமுனே' சராசரியாக 39.7 சதவீதப் பார்வையாளர்களைப் பெற்றது, இன்றும் டைகாவில் அதுவே உச்சம். எபிசோடு முடிந்ததும் கதை நடந்த உண்மையான ஊரையும் கோயிலையும் காட்டும் சிறு பகுதி வரும், அதைத் தள்ளிவிடாதீர்கள். குறை, இந்தியாவிலிருந்து முறையாகப் பார்க்க வழிகள் மிகக் குறைவு. கிடைத்தால் 2022இன் 'த தர்ட்டீன் லார்ட்ஸ் ஆஃப் த ஷோகன்', 48 எபிசோடு. 1180 முதல் 1185 வரை நடந்த கென்பெய் போரைப் பற்றி ஒரு பக்கம் படித்துவிட்டு உட்காருங்கள். யார் தோற்கப்போகிறார் என்று தெரிந்தே ஜப்பானியர்கள் பார்க்கிறார்கள். எழுத்தாளர் அதை நம்பித்தான் முதல் பாதியைச் சிரிக்கவைத்து, இரண்டாம் பாதியில் சிரிப்பை ஒவ்வொன்றாகப் பறிக்கிறார்.

டப்பிங்கா, சப்டைட்டிலா

சீனச் சரித்திரத் தொடர்களில் பெரும்பாலானவற்றில் மூலத்திலேயே நடிகரின் குரல் இல்லை, பின்னணிக் குரல் கலைஞர்கள் பேசுகிறார்கள். எனவே தமிழ் டப்பிங் கிடைத்தால் இழப்பு அவ்வளவு பெரிதல்ல. குடும்பத்தோடு பார்க்க அது உதவும். கொரியத் தொடர்களில் படப்பிடிப்புத் தளத்துக் குரலே வரும். ஹான் சுக்-கியூவின் செஜோங்கை டப்பிங்கில் பார்த்தால் நடிப்பில் பாதி போய்விடும், சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டும். 1.25 வேகத்தில் ஓட்டுவதானால் 'யான்ஷி'யின் பின்பாதியும் பழைய நீட்டிப்புத் தொடர்களும் தாங்கும். 'ருயீ' தாங்காது, அதில் பேசாமல் இருக்கும் நொடிகளில்தான் கதை நடக்கிறது.

விடுவதா தொடர்வதா என்று எப்போது முடிவெடுப்பது? 'கிங்டம்' முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும். 'ட்ரீ வித் டீப் ரூட்ஸ்' ஐந்தாவதில், இளம் செஜோங் பகுதி முடிந்த பிறகு. 'த அன்டேம்ட்' ஆறாவதில். 'நிர்வாணா இன் ஃபயர்' எட்டாவதில். 'ருயீ'க்கு இருபது எபிசோடு கொடுங்கள். அதற்குள் அவளுக்காக மனம் பதறவில்லை என்றால் தயங்காமல் 'யான்ஷி'க்கு மாறிவிடலாம்.